மஞ்சள் விளக்குக்கு அப்பால்

பேக்கரிக்காரருக்கு மனைவியின் வேலைமேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. அவள் ரயில் ஓட்டுகிறாள் என்று மற்றவர்கள் வாயைப் பிளக்கும்போதெல்லாம், “தண்டவாளம் எங்க போகுதோ அங்க வண்டி போகப்போகுது. வளைக்கவும் வேணாம், திருப்பவும் வேணாம். என் அடுப்ப ஒரு நாள் பாத்துக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும்!” என்பார். அவள் மறுத்துப் பேசியதில்லை. வாய்ச் சண்டையில் அவரை ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

அவருக்கு வினை மைத்துனன் உருவத்தில் வந்தது. புதுக் கணினி வாங்கியவன் பழையதை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ரொட்டி வேலை முடிந்து வந்த ஒரு மதியம், “இதென்ன பிரமாதம்” என்று பேக்கரிக்காரர் உட்கார்ந்தார்.

வளைவுக்கு முன்னால் ‘அறுபது’ என்று நின்ற வேகப் பலகையை அவர் பொருட்படுத்தவே இல்லை. பெட்டிகள் சரிந்தன, திரை கறுத்தது. அடுத்த ஓட்டத்தில் வளைவில் நல்ல பிள்ளையாக ஊர்ந்தார். எஞ்சின் வளைவைத் தாண்டியதுமே வேகத்தைக் கூட்டிவிட்டார். பின்னால் முக்கால்வாசி ரயில் இன்னும் வளைவுக்குள் இருந்தது. மறுபடி கறுப்பு. அதற்கடுத்த முறை, தூரத்தில் சிவப்பைக் கண்டதும் பிரேக்கை முழுசாக இழுத்தார். ரயில் அவரைச் சட்டையே செய்யாமல் சிவப்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போனது.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் ஈரத்துணியோடு மனைவி நின்றிருந்தாள்.

“சிவப்பப் பாத்துட்டு பிரேக் போட்டா எந்தக் கொம்பனாலயும் நிறுத்த முடியாது. மஞ்சள்லயே ஆரம்பிச்சிருக்கணும்.”

“மஞ்சள்ல எதிர ஒண்ணுமே இல்லியே. பாதை தொடைச்சு விட்ட மாதிரி கெடந்துச்சு.”

“கண்ணுக்குத் தெரியறதுக்கு மட்டும் நிறுத்தினாப் போதும்னா, சிக்னல் எதுக்குங்க?” அவள் திரையோரப் பாதைப்படத்தில் இருந்த மஞ்சள் புள்ளியை விரலால் தொட்டாள். “இது இந்த எடத்தப் பத்திப் பேசல. அடுத்த வெளக்கு சிவப்புன்னு சொல்லுது. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனா இங்கயே நிறுத்த ஆரம்பிச்சிடணும்.”

அதன்பிறகு அவர் பிடிவாதமாக ஓட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைக்கு முன்பே வேகம் தணிந்தது, கடைசிப் பெட்டி வெளியேறும்வரை கை பொறுத்திருந்தது. ஆனாலும் அது விளையாட்டுதானே, தோற்றால் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில், மாவு பிசையும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்க அவர் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்று காலை அவர் ஏறிய ரயிலை ஓட்டியது அவர் மனைவிதான். அவர் நடுப்பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே பனி, பாலைக் கொட்டியது போல. எதிரே ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

ரயில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் பாதத்தடியில் ஏதோ மாறியது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. வயல்வெளியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வேகம் மெல்ல இறங்கத் தொடங்கியது.

‘மஞ்சளைப் பார்த்துவிட்டாள்.’

அவர் கை தன்னையறியாமல் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. இறங்கிக்கொண்டே போன வேகம், குழந்தையின் தலைகூட அசையாமல், ஓய்ந்து நின்றது.

“நட்டநடுக் காட்டுல எதுக்குய்யா நிறுத்துறாங்க?” என்று பக்கத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

ரயில் ஒரு வளைவில் நின்றிருந்தது. பேக்கரிக்காரர் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி முன்னால் பார்த்தார். வளைவின் அந்தக் கோடியில் எஞ்சின். அதற்குச் சற்று முன்னால் சிவப்பு விளக்கு. காற்று வீசிப் பனி ஒரு கணம் விலகியது. சிவப்புக்கு அப்பால், அதே தண்டவாளத்தில், இன்னொரு ரயிலின் முதுகு தெரிந்தது. அதன் ஜன்னல்களிலெல்லாம் வெளிச்சம். ஒரு ஜன்னலில் யாரோ தலைவாரிக்கொண்டிருந்தார்கள்.

பனி மறுபடி மூடிக்கொண்டது. அந்த ரயிலில் இருந்தவர்களுக்கும் தெரியாது, இந்த ரயிலில் இருந்தவர்களுக்கும் தெரியாது. முன்னால் ஒருத்தி மட்டும், பனிக்குள் மங்கிய ஒரு மஞ்சளை நம்பி, காணாத அந்த முதுகுக்காக வெகுதூரத்திலேயே வேகத்தை இறக்கியிருக்கிறாள். அது இன்றைக்கு மட்டுமா? தினமும். அவர் அடுப்பங்கரையில் அவளைக் கேலி பேசிக்கொண்டிருந்த நாட்களிலும்.

நகரம் வந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு எஞ்சினை நோக்கி நடந்தார். அவள் பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“முன்னாடி ஒரு வண்டி நின்னுச்சே…”

“ஆமா, நின்னுச்சு.”

“உனக்குப் பயமா இல்லியா?”

அவள் யோசித்தாள். “ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப வெளக்கச் சரியாப் பாத்தமாங்கிற கவலைதான் இருக்கு.”

இறங்கிய ஜனங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மூட்டைகள், தாமதத்தைத் திட்டுகிறவர்கள், தோளில் தூங்கும் குழந்தைகள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மட்டும், கடைசி ஆள் போகும்வரை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.