ஃபிளோரா ஸ்டோர்ஸ் கொல்லையில் விளைந்த வண்டி

நடுவக்கோட்டகத்திலிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வெள்ளை வேன் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டதல்ல. ஃபிளோரா ஸ்டோர்ஸ் மளிகைக்கடையின் கொல்லையில், கஜா புயலில் சாய்ந்த தென்னையின் குழியில், ஓர் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு அது முளைத்தது. முதலில் ஒரு தண்டும் அதன் நுனியில் பக்கக் கண்ணாடியும் வந்தன. தை மாதம் கூரை வந்தது, மாசியில் முன்கண்ணாடியும் வைப்பரும் வந்தன, ஆடியில்தான் சக்கரம் பிடித்தது. மன்னார்குடிக்காரர்கள் இதை நம்புவதில்லை. அவ்வளவு பெரிய தெப்பக்குளத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குப் பக்கத்து ஊரில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. நம்பாவிட்டால் போகட்டும். வண்டி ஓடுகிறது, அவர்கள் ஊர் நோயாளிகளும் அதில் ஏறிக்கொள்கிறார்கள், யாரும் இறக்கிவிடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அரசப்பன். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு உழுதவர். அரசப்பன் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் சொந்தமாக வாங்கி, பட்டாவில் தன் பெயர் ஏறிய அன்று தாலுகா ஆபீசிலிருந்து வந்து, புதுச் செருப்போடு மேலத்தெரு வழியாக வேண்டுமென்றே மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனவர். யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லாதவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரம் இரண்டு முறை தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை, ஆனால் வழியெல்லாம் காசு. மன்னார்குடியில் பஸ் மாறிப் போவதற்குள் பாதி உயிர் போகும். திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடுவார், நிற்கக்கூட முடியாது. ஆகவே வாடகைக் கார் பிடித்தார்கள். அதற்காக ஆடு போயிற்று, மாடு போயிற்று, மூன்று மாவில் ஒரு மாவும் போயிற்று.

அந்த ஒரு மாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அரசப்பன் தன் மனைவி பொன்னுத்தாயிடம் சொன்னார்: "மிச்சம் ரெண்டு மாவையும் வித்துத் தின்னுட்டு நான் உசுரோட இருந்து என்ன ஆவப்போவுது? இனிமே போவல. இதோட வுட்டுடு."

பொன்னுத்தாய் அரைக்கிலோ பருப்பு வாங்கக் கடைக்கு வந்தவர், இதைச் சொல்லிவிட்டுப் பருப்பை மறந்து போய்விட்டார்.

கடைக்காரர் ஃபிளோரா பொறையாற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், லுத்தரன் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம். கடன் கேட்பவர்களை முதலில் திட்டிவிட்டுப் பிறகு கொடுப்பார். அவர் பிறந்த வீட்டில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசி கோயிலுக்குப் போகும், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பொன்னுத்தாய் வந்துபோன மறுநாள் காலை ஃபிளோரா தராசுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையை வைத்தார். கடையில் என்ன வாங்கினாலும், வாங்கியதிலிருந்து ஒரு சிட்டிகை அரசப்பனுக்காகப் பானையில் போடவேண்டும். காசு போடக்கூடாது. சோப்பு வாங்கினவன் என்ன செய்வது என்று ஒருவன் மடக்கினான். "ஒரு ரூவாய்க்குப் பொட்டுக்கடலை வாங்கிப் போடுறா" என்று ஃபிளோரா சொன்னார். அதோடு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அரிசி விழுந்தது, கடுகு விழுந்தது, காபித்தூள், ரவை, வெந்தயம் எல்லாம் விழுந்தன. டீக்கடை முகம்மது யூசுப் தேயிலை வாங்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கை போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அவரே கடை வாசலில் நின்று ஏலம் விட்டார். ஐந்து வேளை பாங்கு சொல்லக்கூடிய குரல், பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அந்தக் கதம்பத்தைப் பெரும்பாலும் வாத்து மேய்க்கிற வைரக்கண்ணுதான் எடுப்பார். அவருடைய வாத்துகள் காபித்தூள் தின்று பகலெல்லாம் சுறுசுறுப்பாக இருந்தன. ஏலப் பணத்தில் வாரம் ஒரு கார் பிடிக்க முடிந்தது. இன்னொரு முறைக்குப் பொன்னுத்தாய் எப்படியோ சமாளித்தார். ஊர்ப் பணம் என்று தெரிந்தால் அரசப்பன் வரமாட்டார் என்பதால், கார்க்காரர் தெரிந்தவர், பிறகு வாங்கிக்கொள்வார் என்று அவரிடம் பொய் சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் பானையின் அடி விட்டுவிட்டது. நனைந்து ஊறிப்போன சரக்கை வாத்துகூடத் தின்னாது என்று ஃபிளோரா அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் தென்னங்குழியில் கொட்டினார். மழை விட்டதும் கண்ணாடி முளைத்திருந்தது. தண்டு கறுப்பு நிறம், கண்ணாடி சுத்தமாக இருந்தது, அதில் ஃபிளோராவின் முகம் தெரிந்தது. ஊர் கூடிப் பார்த்தது. விவசாயிகள் ஊர் என்பதால் ஒருவரும் அலறவில்லை. இது எந்த ரகம், எத்தனை நாள் பயிர், தண்ணீர் நிற்கலாமா வடியவேண்டுமா என்றுதான் பேச்சு போயிற்று. குனிந்து தண்டைத் தடவிப் பார்த்த பொன்னுத்தாய், "வண்டிதான். பக்கக் கண்ணாடி" என்றார்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. புதுப் பானையில் விழுவதைக் குழிக்கு உரமாகப் போட்டால் ஏலம் கிடையாது, ஏலம் இல்லையென்றால் கார் கிடையாது. வண்டி விளையுமா, பதராகிச் சாவியாகப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. விளையும்வரை அரசப்பன் தாங்குவாரா என்பதும் தெரியாது. சொல்ல வேண்டியவர் பொன்னுத்தாய்தான், அவரே சொன்னார்: "மொளச்சத வாட வுடக்கூடாதுங்க. குழியிலயே போடுங்க. அவர நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறன்." வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதுவரை யாரும் எடுத்த முடிவுகளில் அதைவிடத் துணிச்சலானது எதுவும் இல்லை. அன்றுமுதல் ஆஸ்பத்திரி நாட்களில் யூசுப் டீக்கடையைப் பூட்டிவிட்டு, அரசப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தார்.

வண்டி வளர்ந்தது. பெண்கள் முறை வைத்துக் களை எடுத்தார்கள். யாரோ ஆர்வக்கோளாறில் ஒரு கை யூரியா போட, கூரையில் துரு பிடித்துவிட்டது; தண்ணீர் கட்டி வடித்துத்தான் அதைத் தெளியவைத்தார்கள். மாசியில் ஹாரன் வந்தது. பால்காரர் வரும் நேரத்துக்குத் தானாக ஒரு தரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். பங்குனிக்குள் கதவுகள்வரை மேலே வந்துவிட்டது. பிறகு கோடை வந்தது. அறுவடைக் காசு தீர்ந்து, கடையில் வியாபாரம் சுருங்கி, பானையில் கடுகு விழுகிற சத்தம்கூட அரிதாயிற்று. வண்டி சக்கரமில்லாமல் அப்படியே நின்றது. அரசப்பனுக்குக் கால் வீங்கி, வாரம் ஒரு தடவை போவதே பெரும்பாடாகிவிட்டது.

அப்போதுதான் துரைராசு வந்தார். நவீன அரிசி ஆலை வைத்திருக்கிறவர், கொடுக்கிற கைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எதைக் கொடுத்தாலும் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்து மின்விசிறி ஒவ்வொன்றின் இறக்கையிலும் 'உபயம்' என்று போட்டு அவர் அப்பா பெயர் இருக்கிறது. சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று அவருக்கு வருத்தம். மாரியம்மன் கோயில் டியூப்லைட்டில் எழுத்து போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். துரைராசு நான்கு புது டயரோடும் ஒரு பெயிண்டரோடும் வந்தார். அரசப்பன் கிடந்த கிடையில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. உபயம் என்று எழுதாமல் எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலிகூடக் கைமாறாது, ஆகவே அது தப்பாகவும் படவில்லை. வண்டியின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்டில், முழ உயரத்துக்கு, 'உபயம்: அரிசி ஆலை துரைராசு' என்று ஏறியது.

அன்றே வண்டி மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் வைப்பர் சுருங்கியது. மறுநாள் ஸ்டியரிங்கைக் காணோம். வாரக் கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஜன்னல்வரை உள்ளே போய், சிவப்பு எழுத்தில் 'உப' மட்டும் மேலே தெரிந்தது. எல்லாருக்கும் காரணம் தெரியும், போய்ச் சொல்லத்தான் ஆளில்லை; பாதி ஊர் அவர் ஆலையில் வேலை பார்க்கிறது. கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு ஃபிளோரா போனார்.

"உங்க பேர மண்ணு ஏத்துக்கலீங்க" என்று வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏம்மா, நாலு டயர் குடுத்தவன் பேரு இருக்கக்கூடாதா?"

"பானையில போட்டவங்க ஒருத்தர் பேரும் அதுல இல்லீங்களே. எம்பேரும் இல்ல. யார் எத்தன சிட்டிக போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. அரசப்பன் பொழைக்கணும், அவ்வளவுதான். ஒரு எட்டு வந்து பாருங்க."

துரைராசு உள்ளே போய்விட்டார். ஃபிளோரா திரும்பி வரும்போது, தனக்கு இனி மொத்த விலைக்கு அரிசி கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை துரைராசு கடைக்கு வந்து வரிசையில் நின்றார். வீட்டுக்கு வேண்டியதை ஆள்விட்டு வாங்கியே பழகினவர், கடையில் நின்று பொருள் வாங்குவது அவருக்கு அதுதான் முதல்முறை. சர்க்கரை விலையைக் கேட்டு "இவ்வளவா!" என்று அதிர்ந்துபோனார். கால்கிலோ வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்துப் பானையில் போட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய், மண்ணெண்ணெயும் பழந்துணியும் வாங்கி, தன் பெயரைத் தானே துடைத்தார். மண்ணுக்குள் போயிருந்த எழுத்துகளையும் தோண்டித் தோண்டித் துடைத்தார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார். டயர்களை எடுத்துப்போய்த் தன் லோடு வேனுக்கு மாட்டிக்கொண்டார். அதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரு மனிதர் ஒரே நாளில் அதற்கு மேல் மாற முடியாது. அன்றுமுதல் அவர் தினம் வருகிறார். அவர் வருகிறார் என்று ஆலைக்காரர்களும் வந்தார்கள், பானை சனிக்கிழமைக்கு முன்பே நிரம்பியது. வண்டி மேலே வந்தது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த வாரத்தில் நான்கு சக்கரமும், ஸ்டெப்னியும்கூட, தாமாகவே பிடித்தன.

பதிவு செய்ய வந்த அதிகாரி தட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். தயாரிப்பு வருடம் கேட்டபோது "போன சம்பாங்க" என்றார்கள். அவரும் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி மகன்தான். நல்ல மகசூல் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்று அந்த வண்டி சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போகிறது, வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. டீசலுக்குப் பானை ஏலம் போதுமானதாக இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இன்றுவரை ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் எழுத்தில்லாத வண்டி என்றால் அது நடுவக்கோட்டகத்து வண்டி என்று வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

வண்டி முதன்முதலில் புறப்பட்ட நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரே கடை வாசலில் நின்றது. யூசுப் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். அரசப்பன் மட்டும் ஏறவில்லை. காரின் கதையும் பானையின் கதையும் அதற்குள் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

"ஊரெல்லாம் எனக்குப் பிச்சை போட்டிருக்கு. எனக்குத் தெரியாமப் போட்டிருக்கு" என்றார். "நான் ஏறமாட்டன். வேற யாருக்காவது ஓட்டுங்க."

பொன்னுத்தாய் அவர் கையைப் பிடித்தார், அரசப்பன் உதறிவிட்டார். ஃபிளோரா மட்டும் கடைக்குள்ளிருந்தபடியே, "அரசப்பண்ணே, ஒங்களுக்கு எதாச்சும் வேணுமா? வாங்குறதுன்னா வாங்குங்க, யாவாரத்த மறச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று அதட்டினார்.

அரசப்பன் வீங்கின காலை இழுத்து இழுத்துக் கடைக்குப் போய், சட்டைப்பையைத் துழாவி, ஒரு பாக்கெட் வேதாரண்யம் கல்லுப்பு கேட்டார்.

"ஒங்களுக்கு உப்பு ஆவாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல?"

"திங்கவா வாங்குறன்?" என்றார் அரசப்பன்.

பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, ஒரு பிடி அள்ளி, தஞ்சாவூருக்குப் போகிற யாரோ ஒருவருக்காகப் பானையில் போட்டார். மிச்சத்தைப் பொன்னுத்தாயிடம் கொடுத்தார்.

வாசலில் வண்டியின் பக்கக் கதவுக்கு அடியில் எதையோ முறுக்குவதுபோலச் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அங்கே ஒரு படி முளைத்தது. வீங்கிய காலைத் தூக்கி வைக்க எவ்வளவு தாழ்வாக இருக்கவேண்டுமோ அவ்வளவு தாழ்வாக இருந்தது. அரசப்பன் அதை ஒருமுறை குனிந்து பார்த்தார், பயிரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், காலை வைத்தார். யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போலாம் பாய்" என்றார். "நேரமாவுது."