கடலில் ஊறிய கல்

ஜோதிகா தொட்டிக்குள் பாய்ந்தாள். உப்புத் தண்ணீரில் கிடந்த கான்கிரீட் கட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“தொடாதடா! ஆறு வருஷ ஆராய்ச்சி!”

அடியாள் வெற்றியின் இரும்புக் குழாய் அவள் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

திருவொற்றியூர்க் கடற்கரை. நட்டநடு மதியம். வலைக்கொட்டகை வாசலில், சிமெண்ட் மொத்த வியாபாரி ஜெரின் சட்டையில் தெறித்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, இரும்பாலைக் கசடு சேர்த்தது ஜோதிகாவின் கலவை. அது கடலைத் தாங்கிவிட்டது என்று இன்று மாலை பரிசோதனையில் தெரிந்தால், புதிய தடுப்புச்சுவர் முழுக்க அதில்தான். ஜெரினின் சிமெண்ட் மூட்டை குடோனிலேயே கெட்டிப்பட வேண்டியதுதான்.

“ஒண்ணுகூட மிஞ்சப்பிடாது, கேட்டியாலே?”

“மாவாக்கிட்றேன் அண்ணாச்சி.”

மணலில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் கட்டி உடையாது, புதையும். வெற்றி சுற்றிலும் பார்த்தான். படகோரம் கயிறு கட்டிக் கிடந்த நங்கூரக் கல்லை இழுத்து வந்தான்.

“அடிங்க, எங்க பொண்ணு மேலயே கைய வச்சுட்டியா!” துடுப்போடு ஓடி வந்தார் ஜோதிகாவின் மாமா பொன்னுரங்கம். குழாய் அவர் நெற்றியைப் பிளந்தது.

“கம்முனு குந்து நைனா. அடுத்தது மண்ட ரெண்டாப் பூடும்.”

கட்டியை நங்கூரக் கல் மேல் வைத்தான். ஓங்கி அடித்தான். பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கம்பி துருவேறி இற்றுப்போயிருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஜோதிகா தவழ்ந்து வந்து அவன் காலைக் கடித்தாள். முகத்தில் ஓர் உதை. பல் ஒன்று மணலில் விழுந்தது.

“பிஸ்கட்டு மாரி உடையுது அண்ணாச்சி!”

“இதத்தாம்மா பெருசாப் பேசினியோ?” ஜெரின் சிரித்தான்.

கடைசி அடி கட்டியைத் தாண்டிக் கல்லின் மூலையில் பட்டது. சம்மட்டிக் காம்பு முறிந்தது. வெற்றி அதை வீசியெறிந்தான். ஜீப் கிளம்பியது.

பொன்னுரங்கம் ரத்தத்தை வழித்தபடி முனகினார். “அல்லாம் பூட்ச்சே கண்ணு!”

“அது சாதா சிமெண்ட்டு மாமா. ஒப்பிட்டுப் பாக்க வச்சது. அவனுங்க நம்பணும்னுதான் கட்டிப் புடிச்சேன்.”

“அப்ப உன்னுது?”

ஜோதிகா நல்ல கையால் நங்கூரக் கல்லின் தூசியைத் தள்ளினாள். நொறுங்கிய அத்தனை கட்டிகளின் அடியையும் வாங்கியிருந்தும் விரிசல் இல்லை. மூலையில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே, கசடு கலந்த கான்கிரீட்டுக்கே உரிய நீலப்பச்சை.

“படகுக்கு நங்கூரம் வேணும்னு கேட்டியே மாமா. ஆறு வருஷமா என் கலவையத்தான் கடல்ல போட்டுக்கினு கீற.”