உள்பக்கத்துக் கரி

நாமக்கல்லைத் தாண்டி லாரிப் பட்டறைகள் முடிகிற இடத்தில், ஒரு பொட்டல் காட்டில் மாதேஸ்வரன் பழைய டயர் எரிப்பான். ரப்பர் எரிந்து போனால் உள்ளே இருக்கும் கம்பி மிஞ்சும். அதைக் காயலான் கடையில் போட்டுத்தான் பிழைப்பு ஓடியது. அவன் பெண்டாட்டி ரஞ்சிதாவுக்கு இது எட்டாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்புக் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் குணசீலன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்து ஆள். காற்றுக் கெடுவதைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவன் வேலை. வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுத்தான். அதை வாசல் நிலையில் ஒரு வாரம் தொங்கவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கோயில் முன்னால் விரித்துப் பார்த்து, யார் எதை நிறுத்துவது என்று அவரவரே முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளைக் கோடி பிணத்துக்குப் போர்த்துவது, வாசலில் ஆகாது என்று தெருவே முகம் சுளித்தது. பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொங்கவிட்டார்கள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு மட்டும் மஞ்சள் தடவினாலும் வேண்டாம் என்றாள். மாதேஸ்வரன் கேட்கவில்லை. துணி வாங்காவிட்டால் புகைக்குக் காரணம் இவன்தான் என்று ஊர் வாய்விட்டே சொல்லிவிடும்.

"சட்டமெல்லாம் இல்லீங்ணா. யாரும் உங்களப் புடிக்க வரமாட்டாங்க. நீங்களா மனசு வெச்சாத்தான் உண்டு" என்றான் குணசீலன்.

"மனசு சோறு போடுமாங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு மாதேஸ்வரன் காட்டுக்குப் போனான்.

இரண்டொரு நாளில் தெருத் துணிகள் எல்லாம் வெளிப்பக்கம் சாம்பல் பூத்தன. புகைக்கு மிக அருகில் இருந்தது மாதேஸ்வரன் வீடு. அவன் துணி மட்டும் மல்லிகைப்பூப் போல இருந்தது. சந்தோஷமாக அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனவன், திரும்பிப் பார்த்து நின்றுவிட்டான். உள்பக்கம் கரி படிந்திருந்தது. ரஞ்சிதாவின் வாய் உயரத்தில் உள்ளங்கை அகலம். அதற்குக் கீழே, வயிற்று உயரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு இன்னொன்று.

அவன் வீட்டில் கேஸ் அடுப்பு. விளக்குக்கும் எண்ணெய் ஊற்றுவதில்லை. துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தொங்கவிட்டான். மறுநாளும் உள்பக்கம்தான், அதே இரண்டு இடம்.

ரஞ்சிதாவிடம் ஒன்றும் தெரியாதவன் போல விசாரித்தான். மத்தியானத்தில் அந்தத் துணிக்குப் பின்னால் நின்றுதான் அவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"நா மூச்சு உட்டா துணி முன்னால போவுதுங்க மாமா. மூச்ச இழுத்தா பின்னால வருது. கீழ மட்டும் அது பாட்டுக்குத் தனியா அசையுதுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே காட்டில் புகைந்துகொண்டிருந்த டயர்கள் மேல் மண்ணை வாரிக் கொட்டினான். மிச்சத்தை எடுத்துப் போக ஆள் வரச் சொன்னான். சேதி கேட்ட குணசீலன் மைக்கில் இவன் பேரைச் சொல்லிப் புகழ்ந்தான். மாதேஸ்வரனுக்கு அது காதில் ஏறவேயில்லை. துணியை மறுபடி துவைத்துக் கட்டினான். அவன் வேண்டாத தெய்வம் இல்லை.

தெருவில் வானம் தெளிந்தது. ஒரு நாள் காலையில் துணியின் உள்பக்கத்தைப் பார்த்தான். மேலே கறை லேசாகத்தான் படிந்திருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. கறை இருந்தவரைக்கும் உள்ளே ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, அது அசையுதா?"

அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ராத்திரியிலிருந்தே சத்தமில்லை, தூங்குது போல என்றாள். அவன் பாயருகே உட்கார்ந்து தன் கையை வைத்தான். வயிறு கல் மாதிரி இருந்தது. வெளியே மைக் சத்தம் வந்து, கடந்து, தேய்ந்து போனது. அவன் கையை எடுக்கவில்லை.

பிறகு ஒரே ஒரு உதை. பலமான உதை.

கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை நடுவில், சின்னக் குதிகால் அளவுக்கு, கரி. டயரைத் தொட்டே நாளாகியிருந்தது. கைலியில் தேய்த்தான். போகவில்லை.

"ஏனுங்க, ஒதைக்குதா?" என்றாள் ரஞ்சிதா.

"ஒதைக்குது கண்ணு" என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டான்.