ரோகிணி தராத கடவுச்சொல்

காலையிலிருந்து டீவியில் அதே புகைப்படம்தான். பாலாநகர் ரோட்டோரம் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது. சாத்திய பின்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டிரைவர் நூர் முகமது நிற்கிறார், கையில் டீ கிளாஸ். உள்ளே கர்ப்பிணி துடிக்க, வெளியே இவர் சாயா குடிக்கிறாராம்! தெலுங்குச் சேனல்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். படம் பொய்யில்லை. அதுதான் ரோகிணிக்கு வயிற்றெரிச்சல்.

ரோகிணி விருதுநகர்க்காரி. அந்த ஆம்புலன்ஸில் முதலுதவி பார்ப்பவள். கத்தியால் குத்துப்பட்டவனைக்கூட அதட்டி அடக்கிப் படுக்கவைப்பாள், ஆனால் அன்றைக்கு அவளுக்கே கை கால் ஓடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பாலாநகரில் நீலா என்கிற பெண்ணுக்கு வலி கண்டது. புருஷன் மஸ்கட்டில். வீட்டுக்குப் பெரியவர் என்று இருந்தது புருஷனின் அண்ணன் உமாசங்கர், தொழிற்சாலையில் ஆபீசர். ஆம்புலன்ஸ் முன்னால் போக, அவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். பாதி வழியிலேயே பிள்ளை வெளியே வர ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி வேறு சுற்றியிருந்தது. "நிறுத்துங்கண்ணே!" என்று ரோகிணி அலறினாள். வண்டி நின்றது.

நூர் முகமதுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் பிரசவம் என்றால் அவர் உள்ளே இருக்கவே மாட்டார். இறங்கிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுவிடுவார். "உள்ளே உன் ராஜ்ஜியம் தங்கச்சி, ரோடு என்னுது" என்பார். அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். உமாசங்கர் கதவைத் திறக்கப் பாய்ந்தார். "நக்கோ சார், வேண்டாம், ஆம்பளைங்க யாரும் உள்ளே போகக் கூடாது" என்று தடுத்தார் நூர். நூர் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஓடிவந்து அவர் கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டுப் போனார். பாவம், அந்த மனுஷன் நல்லதுதான் நினைத்தார். கோபத்தில் கொதித்துக்கொண்டு நின்ற உமாசங்கர் செல்போனில் அதைப் படமெடுத்துக்கொண்டார்.

பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்து, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உமாசங்கர் புகார் கொடுத்தார். படத்தைச் சேனலுக்கும் கொடுத்தார்.

உள்ளே நடந்ததற்குச் சாட்சி இல்லாமலில்லை. அந்த மாதம்தான் சோதனைக்காக ரோகிணியின் சட்டையில் ஒரு சின்ன கேமராவை மாட்டிவிட்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. அதைத் திறக்க இரண்டு கடவுச்சொல் வேண்டும், ஆபீஸுடையது ஒன்று, அவளுடையது ஒன்று.

"உன்னோடதைச் சொல்லும்மா," என்றார் பேகம்பேட் ஆபீஸில் மேனேஜர் ஜகதீசன். "இன்னைக்கே படத்தைச் சேனலுக்குக் குடுத்துடுவோம். கத்தறவன் எல்லாம் வாயை மூடிக்குவான்."

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா சார்?"

"முகத்தை மறைச்சுடலாம்மா."

"முகத்தை மறைச்சா ஆச்சா? துணி விலகிக் கெடந்து அவ கதறுனதை ஊரே உக்காந்து பாக்கணுமாக்கும்? என் வேலையைக் காப்பாத்த அவ மானத்தை விக்கணுமா?"

"நாளைக்கு விசாரணை. படம் இல்லைன்னா உன் வேலையும் போகும், நூர் பாய் வேலையும் போகும். புரியுதா?"

"புரியுது சார். நீலாவே வந்து கேக்கட்டும், தாரேன்."

"அவ மூத்தார்தானே புகாரே குடுத்திருக்கார்! அவளை வாசப்படி தாண்ட விடுவாரா?"

வெளியே வந்த ரோகிணிக்கு வீராப்பெல்லாம் வடிந்துவிட்டது. தன் வேலை போனால் போகட்டும், இந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நூர் முகமதுவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்காகச் சொல்லிரட்டுமா?"

"சொன்னேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்," என்றார் அவர் திரும்பிப் பார்க்காமலே. "ஒரு ஆளை உள்ளே விடாம கதவுல நின்னேன். இப்போ நீ ஊர் பூராவையும் உள்ளே விடுவியா?"

அவ்வளவுதான். ரோகிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பயம் மட்டும் போகவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். விசாரிக்க வந்த டாக்டர் அனுபமா, அவருக்கு உதவியாக இன்னொரு பெண் அதிகாரி. வராந்தாவில் ஒரு பக்கம் உமாசங்கர், அவரோடு சேனல்காரன். இன்னொரு பக்கம் ரோகிணி, நூர் முகமது, ஜகதீசன். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அனுபமா அறைக் கதவருகே வந்து கேட்டபோது ரோகிணி, "இருக்கு மேடம், காட்ட எனக்கு உரிமை இல்லை" என்றாள். ஜகதீசன் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நீலா இறங்கினாள். உமாசங்கர் பதறிப்போய் எழுந்தார்.

"பச்சை உடம்போட யாரைக் கேட்டு வந்தே?"

"யாரைக் கேக்கணும் பெரியத்தான்? டீவியில ஓடுறது என் கதை. என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டீங்களா?" மூச்சு வாங்கியது, ஆனாலும் குரல் தணியவில்லை. அனுபமாவிடம் திரும்பினாள். "மேடம், அன்னைக்கு இவங்க சட்டையில ஒரு கேமரா இருந்ததைப் பாத்தேன். அதுல இருக்கிறதை நான் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் பாருங்க. வேற யாரும் நக்கோ."

அடடா, ரோகிணிக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! ஓடிப்போய் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் தன் கடவுச்சொல்லைத் தட்டினாள். ஜகதீசனும் ஆபீஸுடையதைத் தட்டிவிட்டு ஒதுங்கினார். புகாருக்கு ஆளானவள் என்பதால் ரோகிணியையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். நீலா பிள்ளையோடு உள்ளே போனாள், கதவு சாத்தப்பட்டது.

கதவு படத்தைத்தான் மறைத்தது. சத்தத்தை மறைக்கவில்லை.

"முக்காதம்மா! கழுத்துல கொடி சுத்தியிருக்கு, பொறு, பொறு, என் தங்கம்ல!" பதிவில் ரோகிணியின் குரல். "நூரண்ணே, வண்டி ஒரு இம்மி அசையக் கூடாது! அசைஞ்சா பிள்ளை போயிரும்!"

"அசையாது தங்கச்சி! ஒருத்தனும் வரமாட்டான்!" கதவுக்கு வெளியிலிருந்து நூர் முகமது கத்தியது தெளிவாகக் கேட்டது.

உமாசங்கர் தலையைக் குனிந்துகொண்டார். ரோகிணியின் குரல் கெஞ்சியது, திட்டியது, சாமியையெல்லாம் கூப்பிட்டது. "வந்துட்டான்!" என்றது.

பிள்ளை அழவில்லை. முதுகைத் தேய்க்கிற சத்தம் மட்டும். "அழுடா... அழுடா ராசா..." பிள்ளை உயிரோடு உள்ளேதான் இருக்கிறது என்று வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் உமாசங்கர் எழுந்தே நின்றுவிட்டார். சேனல்காரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

வீல் என்று ஓர் அழுகை கிளம்பியது. அதைக் கேட்டதும் நீலாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நிஜப் பிள்ளையும் திடுக்கிட்டு வீறிட்டது. இரண்டு அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து கட்டிடமே அதிர்ந்தது. நூர் முகமது "மாஷா அல்லா!" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். ரோகிணி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. முதலில் அனுபமா வந்தார். "வண்டியை நகர்த்தியிருந்தா இந்தக் குழந்தை இல்லை. அந்த இடத்துல நானே இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். என் அறிக்கையில அப்படித்தான் எழுதப்போறேன்," என்றார். அதையே தெலுங்கிலும் சேனல்காரனிடம் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். அவன் அவசரமாக எழுதினான்.

நீலா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். உமாசங்கர் தட்டுத்தடுமாறி, "நானும் ஒருதரம் பாத்துட்டா மனசு ஆறும்மா..." என்று இழுத்தார்.

"நீங்க பாக்க வேண்டாம் பெரியத்தான்," என்றாள் நீலா. "நான் பாத்துட்டேன்."

அவர் நூர் முகமதுவின் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். நூர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"இந்தப் பதிவை என்னம்மா செய்யட்டும்? அழிச்சிடட்டுமா?" என்று ஜகதீசன் பணிவாகக் கேட்டார்.

"அழிக்காதீங்க," என்றாள் நீலா. ரோகிணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பூட்டி வைங்க. இவங்க மேல எவனாச்சும் ஒரு சொல்லு சொன்னா என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து திறக்கிறேன்."