சாரங்கபாணியின் கிடங்கும் இடிக்காத சுவரும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. திருவாரூரிலிருந்து வந்த பேருந்தில், முன் இருக்கையிலிருந்து காதில் விழுந்தது. எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும், முகம் பிறகுதான்.

“நெல்லுக் கிடங்க வாங்கிக் கோயிலாக்கலாமான்னு எங்க ஊர்ல ஒரு காலத்துல பெரிய தகராறுக்கா.”

“அப்புறம்?”

“எங்கம்மாதான் ஆண்டவரு முன்னால போயி நின்னுச்சாம்.”

கூத்தாநல்லூர் வந்தது. இறங்கிப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு என் நன்றி. முழுவதும் சொல்லியிருந்தால் நான் கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

2

தொடக்கங்கள்:

‘கடைமடையில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் வயல்கள்—’

(அடித்துவிட்டேன். அந்த வயலில் குனிந்து நின்றவர்கள் யாரும் அதைப் பட்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.)

‘புதிதாக ஒரு மறைமாவட்டம் அமைந்தால் அதன் ஆயருக்கு ஒரு பேராலயம் வேண்டும். இருக்கிற கட்டடத்தை வாங்குவதா, புதிதாகக் கட்டுவதா என்பது—’

(கட்டுரை வாடை. ஆனாலும் விஷயம் இதுதான், இருக்கட்டும். ஆயர் என்றால் பிஷப்; ஊர்ச் சனத்துக்கு அவர் ‘ஆண்டவர்’.)

மூன்றாவது, தானாகப் பேசிக்கொண்டு வந்தது:

“ஏ மரியபுஷ்பம்! சாரங்கபாணி கிடங்க ஆண்டவரு வாங்கப் போறாராம்!”

“எதுக்காம், நெல்லு கொட்டவா?”

“பூசை வைக்கடி!”

மரியபுஷ்பம் கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

3

எழுபத்திரண்டாம் வருஷம் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் சாரங்கபாணியின் நிலம் சுருங்கிவிட்டது. கொட்ட நெல் இல்லாத கிடங்கை விலைக்குச் சொல்லியிருந்தார். மரியபுஷ்பத்துக்கோ அவள் குடிசை நின்ற மனை சட்டப்படி சொந்தமாகியிருந்தது. கூலி ஏறியிருந்தது. சர்க்காருக்கும் சங்கத்துக்கும் மாதாவுக்கும் ஒரே மூச்சில் தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

மாறாதது கோயில் ஒன்றுதான். பழைய கோயிலில் சேரி சனத்துக்குப் பக்கவாட்டு வாசல், இடது பக்கக் கொட்டகை. கல்யாணப் பெண்ணானாலும் அப்படித்தான், சவப்பெட்டியானாலும் அப்படித்தான். தை மாதம் அவள் மகள் சவரியம்மாளுக்குக் கல்யாணம். மகள் எல்லாரும் போகிற வாசல் வழியாகப் போக வேண்டும். மரியபுஷ்பம் கேட்டது அவ்வளவுதான்.

பெரிய நிலக்காரர் ஆசீர்வாதம், புதிதாகக் கட்டினால் கல்லும் மரமும் தன் பொறுப்பு என்றார். வரைபடமும் தயார்: சிலுவை வடிவம். இரண்டு கைக்கும் தனித்தனி வாசல். வெளியூர்க்காரரான ஆயருக்கு அது பக்தியாகத் தெரிந்தது. எந்தக் கையில் யார் உட்காருவார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

(ஆசீர்வாதத்தை முதலில் வில்லனாக எழுதினேன். “கோயில் விளக்குக்கு மூணு தலைமுறையா எண்ணெய் குடுக்கறோம், அத எழுதினீங்களாம்மா?” என்றார். எழுதிவிட்டேன்.)

4

முதல் வரைவில் மரியபுஷ்பம் ‘கிடங்கு வேண்டாம்’ என்றாள். காரணம் இருந்தது. அந்தக் கிடங்குக்கு ஒரே வாசல். வெளியே போகிற ஒவ்வொரு பெண்ணும் அங்கே நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும், நெல் ஒளித்திருக்கிறாளா என்று. சவரியம்மாளை ஏழு மாதம் சுமந்தபோது மரியபுஷ்பமும் நின்றாள்.

“மடி என்னடி கனக்குது? அவுழு,” என்றார் மிராசுதாரின் காரியக்காரர்.

“நெல்லு இல்லீங்க. புள்ளைங்க.”

“அவுத்துக் காட்டு.”

காட்டினாள். இருநூறு பேர் பார்த்தார்கள்.

இதை எழுதிவிட்டு, ‘அந்த இடத்தில் அவளால் எப்படி முழங்கால் போட முடியும்?’ என்று ஒரு வரி சேர்த்தேன். அங்கேதான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“முடியாதுன்னு நான் சொன்னேனாம்மா?”

“சொல்லல. உனக்கு வலிக்குமேன்னு…”

“வலிக்கும்தான். ஆனா திருட்டுக்குப் பயந்து ஒரே வாசலா வெச்சான் பாருங்க, அந்தப் புண்ணியவான். இந்தச் சுத்துப்பட்டுல எங்களுக்குன்னு தனி வாசல் வெக்காத கட்டடம் அது ஒண்ணுதான்.”

அவளுக்கும் என் நன்றி. வரைவைக் கிழித்தேன்.

5

கூட்டம். ஆயர் கேட்டார்:

“கிடங்குக்குள்ள போயி வந்தவங்க யாராவது இருக்கீங்களா?”

முன்வரிசையில் ஒருவரும் இல்லை. பின்னால் நின்ற மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டார்கள்.

“எத்தனை பேர் கொள்ளும்மா?”

“அறுப்பு நாள்ல இருநூறு பேரு நின்னிருக்கோம், மூட்டையோட.”

“மழைக்கு ஒழுகுமா?”

“நெல்ல நனைய விடுவாங்களா ஆண்டவரே? நாங்கதான் நனைவோம்.”

சிரிப்பு எழுந்தது. ஆசீர்வாதமும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “எலிப் புழுக்கையில போயி நற்கருணைய வெக்கிறதா?”

(இங்கே ‘மாட்டுக் கொட்டகையில் பிறந்தவர்தானே’ என்று அவளைச் சொல்ல வைத்தேன். அடித்துவிட்டேன். அதை ஆயரே பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்.)

“கூட்டித் தள்ளுறது எங்க வேலைதானுங்களே,” என்றாள்.

“வாசல் எத்தனை?” என்றார் ஆயர்.

“ஒண்ணு.”

“ஏன் ஒண்ணே ஒண்ணு?”

சொன்னாள். மடி, காரியக்காரர், ஏழு மாதம், எல்லாம். சிரிப்பு நின்றது. ஆசீர்வாதம் தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, கெட்ட எண்ணம் இல்லாதவர் போலவே சொன்னார்:

“சரி, வாங்குவோம். பக்கத்துச் சொவத்துல இன்னொரு வாசல் இடிச்சு விட்டுட்டாப் போச்சு. காத்தும் வரும்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மரியபுஷ்பம் எதிர்பார்த்திருந்தாள்.

“வாங்கறதானா சொவத்தயும் சேத்து வாங்குங்க ஆண்டவரே. அத இடிக்கிறதா இருந்தா எங்களுக்குக் கிடங்கு வேணாம்.”

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

கிடங்கை வாங்குகிறார்கள், தையில் கல்யாணம் நடக்கிறது, வைகாசிப் புழுக்கத்தில் காற்றுக்கென்று சுவரை இடித்து இன்னொரு வாசல் வைக்கிறார்கள். இது நடந்திருக்கக்கூடியது.

கல் கோயில் எழும்பும்வரை கல்யாணம் தள்ளிப்போகிறது, சவரியம்மாள் சிலுவையின் இடது கை வாசல் வழியாக— (எழுத வரவில்லை.)

கிடங்கை வாங்குகிறார்கள், சுவர் அப்படியே நிற்கிறது. இது என் ஆசை. ஆசையை நடந்ததாக எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

“எனக்கு இதுவே போதும்மா,” என்கிறாள் மரியபுஷ்பம் என்னிடம். “இத்தன வருஷத்துல ஏன் ஒரு வாசல்னு யாரும் கேக்கல. ஆண்டவரு கேட்டாரு. அவருக்குத் தோத்திரம்.”

போதாது, மரியபுஷ்பம். நன்றியோடு உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்களுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

ஆகவே வாசகரே, ஆயரின் நாற்காலியைக் காலி செய்து வைத்திருக்கிறேன். வந்து உட்காருங்கள். ஆசீர்வாதம் உங்கள் வலப்பக்கம். அவர் கொடுக்கிற கல்லும் மரமும் மெய்யானவை. மரியபுஷ்பம் எதிரே நிற்கிறாள். நீங்கள் சொல்வதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

“அப்ப எம் மககிட்ட எந்த வாசல்னு போயிச் சொல்லட்டுங்க, ஆண்டவரே?”