சிவப்பு நூல் கட்டிய பானை

"திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

கோதுமையிலும் மைதாவிலும் இருக்கும் குளூட்டன் அவள் குடலுக்கு ஆகாது, அந்த நோய்க்கு சீலியாக் என்று பெயர், ஆயுளுக்கும் தொடக்கூடாது என்று சொன்னவர் இதே டாக்டர்தான். ஆறு மாதமாக ரொட்டி இல்லை, பிஸ்கட் இல்லை. பேக்கரியைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கேக் வேண்டாம் என்றால், "ஒரு துண்டுல என்ன ஆயிடப் போகுது?" என்று ஆளாளுக்கு உபதேசம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்காரப் போவது அவர்களா?

இவ்வளவு பட்டினிக்கும் பலன் பூஜ்யம். ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் இறங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

"குடல் ஆறவே இல்ல. இப்படியே விட்டா எலும்பும் போயிடும்" என்றார் டாக்டர்.

தான் தின்னவில்லை என்றால் யாரோ கலக்குகிறார்கள். வீட்டில் சமைப்பது அண்ணி. நோய் தெரிந்த அன்றே, "ஒரு சிட்டிகை மாவு ஆளையா கொல்லும்?" என்று கேட்டவள். மறுநாளே தனிப் பானை, தனிக் கரண்டி வாங்கி, பானைக் கழுத்திலும் கரண்டிக் காம்பிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியவளும் அவள்தான். ஆனால் கோபம் வந்தவளுக்கு முதல் நாள் பேச்சுதான் ஞாபகம் இருந்தது.

"எனக்கு நோயே இல்லன்னு காட்டத்தானே கலக்குறீங்க?"

அண்ணியின் கையிலிருந்த தட்டு ணங்கென்று மேடையில் இறங்கியது. "நான் கலக்குறேனா? நீ கண்ணால பாத்தியா?"

"நெருப்பில்லாம புகையுமா?"

அண்ணன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே சமாதானம் அதுதான்.

அன்று முதல் அவள் தன் அறையில் மின்சார அடுப்பு வைத்துத் தானே பொங்கித் தின்றாள். ஒரு மாதம் போனது. வயிறு மட்டும் துளியும் மாறவில்லை. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும், காற்றில் மாவு பறந்து வரும் என்று அதற்கும் அண்ணியையே திட்டினாள்.

அவள் வேலை செய்வது ஒரு பைண்டிங் கடையில். பாரம் என்று சொல்லும் அச்சிட்ட தாள்களை மடித்து, அடுக்கி, தைத்து, புத்தக முதுகில் பசை தடவ வேண்டும். பாரம் எண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விரலை நாக்கில் ஒற்றிச் சரசரவென்று தள்ளினால் ஐந்நூறும் நிமிடத்தில் முடியும், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இருபது வருடப் பெருமை.

அன்று ஒரு வக்கீல் சட்டப் புத்தகக் கட்டோடு வந்து குதித்தார். "போன வருஷம் கட்டினது, பாருங்க! முதுகு பூரா பூச்சி தின்னுருக்கு!"

முதலாளி அசரவில்லை. "காய்ச்சினது மைதாப் பசை சார். பூச்சிக்கு அது சாப்பாடு. தின்னத்தான் செய்யும்."

பசை தடவிய கையோடு பாரம் எண்ணிக்கொண்டிருந்தவளின் விரல் நாக்கிலேயே நின்றுவிட்டது.

மைதா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. சோற்றைப் பற்றி நூறு கேள்வி கேட்ட டாக்டருக்கு, என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையே! அவளாவது யோசித்தாளா?

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, நீங்க இல்ல. நான்தான். கடைப் பசை... விரலை நக்கி நக்கி..."

அண்ணி திரும்பவில்லை. அடுப்பில் சிவப்பு நூல் கட்டிய பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல யாருக்கு வடிக்கிறீங்க அண்ணி?"

"யாருக்கா?" அண்ணி வெடித்தாள். "ஒரு மாசமா தினமும் உனக்குன்னு தனியா வடிக்கிறேன். கோபம் தணிஞ்சு எந்த வேளை வந்து நிப்பியோ, நின்னா சோறு இல்லாமப் போயிடக் கூடாதேன்னு! நீ வரல. மிஞ்சினதை நானே தின்னுட்டிருக்கேன். என்னைப் போய் மாவு கலக்குறவள்னு சொன்னியே!"

அவள் உள்ளே ஒரு அடி வைத்து நின்றாள்.

"என்ன நிக்கிற?" என்றாள் அண்ணி. "கையைக் கழுவு."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"என் கண்ணு முன்னாடி கழுவு."