பட்டாளத்து பம்பர்

கொம்பையாவின் இடது கால் எலும்பு கூடிவிட்டது, இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே பூமாரி மண்ணூருக்குப் போனாள். மரியஜோசப்பின் வெல்டிங் பட்டறை அங்கேதான் இருந்தது. விபத்தில் நசுங்கிய லாரியும் அந்த வாசலில்தான் மாதக்கணக்காக நின்றது. கேபினைத் தட்டி நிமிர்த்தி, புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று. பம்பர் மட்டும் பாக்கி.

“சாதா பம்பர் வேணாம்ணே. இருக்கிறதுலயே கெட்டியானதா போடுங்க. இனிமே எது மோதுனாலும் அவுக கால் வரைக்கும் வரக் கூடாது” என்றாள் பூமாரி.

மரியஜோசப் அவளைப் பட்டறையின் பின்பக்கம் கூட்டிப்போனார். ராணுவ டெப்போ ஏலத்தில் வந்த பழைய இரும்பு அங்கே குவிந்து கிடந்தது. அதிலிருந்து கை நீளத்தில் இரண்டு பிராக்கெட்டுகளை இழுத்துப் போட்டார். பம்பரைத் தாங்கிப் பிடிக்கிற கொம்புகள் அவை. பச்சைப் பெயிண்ட் உரிந்த இடங்களில் அடியில் மண் நிறம் தெரிந்தது.

“பட்டாளத்து வண்டிதும்மா. அதோட பம்பரும் கீது. இத மாட்டிட்டு சுவத்துல மோதுனாகூட சுவருதான் போவும்.”

பூமாரி குனிந்து ஒன்றைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த புருஷன் பெண்டாட்டி அவர்கள். பென்னலூரில் ஒற்றை அறை வாடகை வீடு. பூமாரிக்கு ஒரு செல்போன் பாகக் கம்பெனியில் லைன் வேலை. கொம்பையா பழைய லாரி ஒன்றை வாங்கி, கம்பெனிகளுக்கு உதிரி பாகம் ஏற்றிக்கொண்டிருந்தான். போன ஐப்பசியில், அடைமழை பெய்த காலையில், ஒரகடம் ரோட்டில் விளக்கில்லாமல் ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. அதன் பின்னால் பைக்கை நிறுத்தி ஒரு பையன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான். கொம்பையா பிரேக்கை மிதித்தான். ஈர ரோட்டில் லாரி வழுக்கிக்கொண்டே போய் மோதியது. பையன் நடுவில் சிக்கி இறந்துபோனான். வேல்ராஜ் என்று பெயர். சங்கரன்கோவில் பக்கம் ஊர்.

டிரெய்லர்காரன் மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதியது. பூமாரி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த கொம்பையா எப்போதாவது “அந்தப் பையன்…” என்று ஆரம்பித்தால், “அந்தப் பேச்சு வேண்டாம். முதல்ல மாத்திரையப் போடுங்க” என்று வாயை அடைத்துவிடுவாள். ஆறுகிற புண்ணை நோண்டக் கூடாது என்பது அவள் நினைப்பு. நடக்க ஆரம்பித்த பிறகும் அவன் லாரியைப் பார்க்கப் போகவில்லை. மறுபடி கால் போய்விடும் என்று பயப்படுகிறான் என எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய வார லீவில் பிராக்கெட் பொருத்தும் வேலை நடந்தது. பட்டாளத்து வண்டியின் அடியில் ஓடுகிற சேசிஸ் சட்டத்தின் அகலம் வேறு, இந்த லாரியின் அகலம் வேறு. ஓட்டைகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

“நேரா வெல்டு வெச்சுரலாமே அண்ணே?”

“சேசிஸ்ல சூடு காட்டினா அங்கதான் விரிசல் வுடும். தகடு வெட்டிப் போல்ட் போட்டுக்கலாம். நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசர் எவனாவது கேட்டாலும் கழட்டிரலாம்.”

தடித்த தகட்டை வெட்டி, லாரியில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளுக்குச் சரியாகத் துளை போட்டு, அதன் மேல் பிராக்கெட்டை நிறுத்தினார். ஜாக்கி வைத்துத் தூக்கியபோது பூமாரியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். நட்டுகளை முறுக்கி முடித்து, பம்பரும் ஏறியபோது லாரியின் முகமே மாறிவிட்டது. பெயிண்ட் அடிக்கவா என்று மரியஜோசப் கேட்டார். பச்சையே இருக்கட்டும், அவுகளுக்குப் பிடிக்கும் என்றாள்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் கொம்பையாவைக் கையோடு அழைத்து வந்தாள். அவன் லாரிக்கு எதிரே வெகுநேரம் நின்றான். பம்பர் அவன் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வந்தது.

“ஏறிப் பாருங்க. இனிமே ஒண்ணும் ஆகாது” என்றாள்.

ஏறினான். சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு புதுக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான்.

“இங்கனதான் இருந்தான் அவன்” என்றான். “மோதுன உடனே சாகல, பூமாரி. என்னையப் பாத்து, ‘அண்ணே, கொஞ்சம் பின்னால எடுங்கண்ணே’ன்னான். என் காலு கிளட்ச்சுக்குக் கீழ மாட்டிக்கிச்சு. இழுக்கேன், வர மாட்டேங்கு. இஞ்சின் வேற நின்னு போச்சு. திட்டலாம்ல? திட்டவே இல்ல. ‘எடுங்கண்ணே, எடுங்கண்ணே’ன்னே சொல்லிக்கிட்டிருந்தான். அப்புறம் சொல்லல.”

அவன் பம்பர் பக்கம் கையைக் காட்டினான்.

“என் காலுக்கு ஒண்ணும் வராது, சரி. முன்னால நிக்கிறவனுக்கு? அவனுக்குப் போயி இன்னும் கெட்டியா இரும்பு வச்சிருக்கியே.”

இறங்கினான். அவள் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி, தாங்கித் தாங்கி ரோட்டுப் பக்கம் நடந்தான். எத்தனை தடவை இதைச் சொல்ல வந்திருப்பான், எத்தனை தடவை மாத்திரையை நீட்டினோம் என்று பூமாரி நினைத்தாள். மரியஜோசப் கை துடைக்கும் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொம்பையா அதற்குப் பிறகு வண்டி எடுக்கவில்லை. ஒரு கோடவுனில் சரக்கு சரிபார்க்கிற வேலைக்குப் போனான். லாரியை விற்பது என்று முடிவானபோது ஒன்றே ஒன்று சொன்னான்: “அந்த பம்பரைக் கழத்திட்டுக் குடு.”

வாலாஜாபாத்திலிருந்து சண்முகசுந்தரம் என்ற குவாரிக்காரர் பட்டறைக்கு வந்தார். லாரியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. பம்பரை ஓங்கி ஓர் உதை விட்டுச் சிரித்தார்.

“இதுக்கோசரம்தாம்மா வண்டியே எடுக்கறேன். கழட்டறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்கோ.”

அதற்கு முன் வந்த இரண்டு பேர் வண்டியின் வயதைக் கேட்டே திரும்பிப் போயிருந்தார்கள். மரியஜோசப் ஸ்பேனரோடு நின்றார்.

“இன்னாமா, கழட்டவா, வேணாமா?”

“இருக்கட்டும்ணே” என்றாள் பூமாரி. அந்த லாரி கண்ணை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் கொம்பையா வேலை விட்டு வந்ததும் கேட்டான். “கழத்தியாச்சா?”

“கழத்தியாச்சு.”

அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். அன்று நன்றாகச் சாப்பிட்டான். அதன் பிறகு வேல்ராஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், அவளும் தடுக்காமல் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தன் பொய்யைச் சொல்லிவிட நினைப்பாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிடுவாள்.

பொங்கல் லீவில் இருவரும் சங்கரன்கோவில் பக்கம் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனார்கள். விரட்டினாலும் பொறுத்துக்கொள்வது என்றுதான் கொம்பையா போனான். வேல்ராஜின் அம்மா செல்லக்கனி விரட்டவில்லை. யார் என்று தெரிந்ததும் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு உட்காரச் சொன்னாள். கொம்பையா நடந்ததைச் சொன்னான். பையன் கேட்டதையும், தன்னால் முடியாமல் போனதையும் மறைக்கவில்லை.

எல்லாம் கேட்டு முடித்து அவள் கேட்டாள்: “அந்த லாரி இப்பவும் ஓடுதாய்யா?”

“வேற ஆளுகிட்ட இருக்கும்மா” என்றான் கொம்பையா. “அதுல முரட்டு இரும்பு பம்பர் ஒண்ணு போட்டிருந்தோம். யாருக்கும் ஆகாதுன்னு கழத்திட்டுத்தான் குடுத்தா இவ.”

செல்லக்கனி பூமாரியின் பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லது செஞ்சே தாயி” என்றாள்.

பூமாரி கையை உருவிக்கொள்ள முடியாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.